பதினோராவது பெயர்

எல்லோரும் எழுந்து நின்று இரண்டு நிமிஷம் மௌனமாக இருக்கும்படி மைக்கில் சொன்னார்கள். கனகமணி எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலி என்று பக்கத்தில் நிற்கும் மகன் நினைத்துக்கொள்வான், துக்கம் தாங்கவில்லை என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும். முப்பத்திரண்டு வருஷம் பூகோளம் நடத்தித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவளுக்கு எது மரியாதை, எது மரியாதை வேஷம் என்று தெரியாதா. புருஷன் செத்தது டிசம்பரில், அதுவும் நாற்பது வருஷத்துக்கு முந்திய டிசம்பர். கல்லுக்குத் திரை விலக்குவது மார்ச் மாதத்தில், ஏனென்றால் பெரிய அதிகாரிக்கு இப்போதுதான் ஒழிந்ததாம். வெள்ளைக்காரன் இரண்டாவது உலகப் போருக்காக அவசர அவசரமாகப் போட்ட ஓடுதளம் இது. நெடுங்கரிசல் ஊர்க்காரர்களுக்கு ஏரோப்பிளேன் பொட்டல். அவன் மூட்டை கட்டிப் போன நாளிலிருந்து இதில் விமானம் இறங்கியதைவிட மிளகாய் வத்தல் காய்ந்ததுதான் அதிகம். இன்றைய விழாவுக்காக நேற்றே வத்தலை அள்ளி ஓரத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்களாம். நெடி தார்ப்பாய்க்குக் கட்டுப்படுமா? மௌனம் தொடங்கிப் பத்து எண்ணுவதற்குள் முன்வரிசையில் ஒரு தும்மல். அதற்குப் பின்வரிசையிலிருந்து பதில் தும்மல். பிறகு பெரிய அதிகாரியே கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வரிசையாக மூன்று. ஒவ்வொன்றுக்கும் அவருடைய உதவியாளர் விறைத்து நிற்கிறார், தும்மலும் தேசத்துக்காகத்தான் என்பதுபோல. கனகமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழுத்தில் போட்டிருந்த சரிகைச் சால்வையின் நுனியால் வாயை மூடிக்கொண்டாள். செல்வின் குனிந்து, "அழாதீங்கம்மா" என்றான். இன்னும் நாலு மாசத்தில் அவனுக்கு நாற்பது வயது முடியப் போகிறது.

மௌனம் முடிந்து விங் கமாண்டர் பாஸ்கரமூர்த்தி பேச வந்தார். ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்றது உத்தியோகம்தான், மீசை இன்னும் பணியில் இருக்கிறது. இந்தக் கல்லுக்காக மூன்று வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர். வேறு வேலை இல்லாத ஆம்பிளை வீட்டில் இருந்தால் பெண்டாட்டிக்குத் தொந்தரவு, வெளியே போனால் ஊருக்கு. கறுப்புக் கல்லில் பதினொரு பெயர்கள். பத்து வெள்ளைக்காரப் பெயர், பதினோராவது அவள் புருஷன் ஜான் தேவாசீர். கல்லுக்கு மேலே தூணில் ஒரு தகர விமானம்; கேட்டுக்குக் கம்பி வளைக்கிற பட்டறையில் செய்தது என்று பார்த்தவுடனே தெரிகிறது. பின்னால் பிளெக்ஸ் பேனர். அதில் தேவாசீரின் தலைக்கு மேலே ஒரு ஜெட் விமானம் நெருப்புக் கக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறுகிறது. அவர் ஓட்டியது முன்னும் பின்னும் இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய பயிற்சி விமானம். மூக்கில் ஒற்றைக் காத்தாடி, கிளப்பும்போது இருமும், கறுப்பாகப் புகை விடும். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டை வங்காளத்துப் பக்கம் நடந்தது. இங்கே கடற்கரையோரம் போய் மீன்பிடி வள்ளங்களை எண்ணிவிட்டு வரச்சொன்னார்கள், எண்ணிவிட்டு வந்தார்கள். மற்ற பத்துப் பேர் சமாசாரமும் அவளுக்குத் தெரியும். அவளுடைய மாமா இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர். நாலு பேர் மலேரியாவில். ஒருவன் கண்மாயில் நீச்சலடிக்கப் போய்ச் சகதியில் மாட்டிக்கொண்டு. இரண்டு பேர், இறங்குகிற நேரம் ஓடுதளத்தில் நின்ற எருமையில் மோதி. மீதி மூன்று பேரைப் பற்றி மாமாவுக்கே தெரியாது. எதிரி என்று ஒருத்தன் இந்த வானத்தை எட்டிப் பார்த்ததில்லை. மலேரியாவில் போனவனும் மாவீரன், எருமையில் முட்டியவனும் மாவீரன். அப்படியென்றால் எருமைக்கும் ஒரு கல் வைக்க வேண்டியதுதானே. கீழே நின்ற பாவத்துக்குச் செத்தது அதுவும்தானே. கீழே நின்ற. இந்த நினைப்பு எந்தப் பக்கம் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போதும். அந்தப் பக்கம் போகாதே. மைக்கைக் கேள்.

"எஞ்சின் ஃபெயிலியர்" என்று பாஸ்கரமூர்த்தி சொல்லிக்கொண்டிருந்தார். "கீழே கிராமம். வேற யாரா இருந்தாலும் பாராசூட்டைக் கட்டிக்கிட்டு வெளியே குதிச்சிருப்பாங்க. ஃப்ளையிங் ஆபீசர் தேவாசீர் என்ன செஞ்சார்? விமானத்தை ஊர் மேல விழவிடாமப் பருத்திக்காட்டுப் பக்கம் திருப்பினார். ஒரு கிராமத்தையே காப்பாத்திட்டு உயிரை விட்டார்." கை தட்டினார்கள். செல்வின் தட்டவில்லை, கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றான். பார்க்காத அப்பா. பார்க்காததால்தான் இத்தனை பெரிய அப்பா. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி என்றால் இந்தக் கதை, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனால் பெண்வீட்டாரிடம் இந்தக் கதை, இன்றைக்கும் அவன் சட்டைப்பையில் நாலாக மடித்த காகிதத்தில் இந்தக் கதைதான் இருக்கிறது. தேநீர் முடிந்ததும் அவன் பேச வேண்டும். கயிறு கட்டி நிறுத்தியிருந்த இடத்தில், கருவேல மரங்களின் நிழலில், ஊர்ச்சனம் நின்றது. அவர்களும் தட்டினார்கள், கொஞ்சம் தாமதமாக. கனகமணி அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இதற்காகத்தான் நாற்பது வருஷம் இந்த ஊர் மண்ணை மிதிக்காமல் இருந்தாள். அறுபது தாண்டிய முகம் எது? அப்போது இருபது வயதில் தெருவில் நின்றிருக்கக்கூடிய முகம் எது? யாராவது ஒருத்தர் கயிற்றைத் தாண்டி வந்து, ஏன் டீச்சர், எஞ்சினா நின்னுச்சு, என்று கேட்டுவிட்டால், பக்கத்தில் இவன் நிற்கிறான். வந்திருக்கக்கூடாது. இவன் அழைத்தான் என்று வந்தது முட்டாள்தனம். கூமுட்டை. ஓய்வு பெற்றால் புத்தியும் ஓய்வு பெற்றுவிடுமா.

மாவீரன். பல்லிக்குப் பயந்த மாவீரன். கல்யாணமான புதிதில் தாம்பரத்துக் குவார்ட்டர்ஸில் சுவரில் பல்லி ஊர்ந்தால் கட்டிலின் மேல் ஏறி நின்றுகொண்டு, கனகம் அதை விரட்டு, என்கிற ஆள். விமானத்தில் ஏறுவதற்கு முன் தலைவாரிக்கொள்கிற ஆள், மேலே யார் பார்க்கப் போகிறார்கள், காக்காயா. கோயில் பாடல் குழுவில் எல்லோரும் ஒரு சுரத்தில் போனால் இவர் மட்டும் அடுத்த தெருவில் போவார். விமானம் ஓட்டுவதிலோ அத்தனை ஜாக்கிரதை. இறங்குமுன் ஒருமுறைக்கு இரண்டுமுறை சுற்றிப் பார்ப்பார், அவருடைய கமாண்டர் அவளிடமே சொன்னார், உன் புருஷன் கிழவனாகிச் சாவான் பாரம்மா, இவனைப்போல நிதானமானவன் என்னிடம் வேறு எவனும் இல்லை. பாராட்டுத்தான். அவளுக்கு அது பாராட்டாகப் படவில்லை. இருபத்திரண்டு வயதுக்காரிக்கு நிதானமான புருஷன் எதற்கு? சண்டை வந்ததும் மற்ற மனைவிமார் தாம்பரத்திலேயே இருந்துவிட்டார்கள், அவள் மட்டும் மாமா வீடு இந்த ஊரில் இருக்கிறது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். போர் என்றால் ஏதோ நடக்கும் என்று வந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் வள்ளம் எண்ணப் போவது, மதியம் வருவது, சாயங்காலம் சைக்கிளில் மாமா வீட்டுக்கு வந்து சாப்பிடுவது. பக்கத்துவீட்டுப் பெண்கள், உங்க வீட்டுக்காரர் எந்தப் பிளேன்ல வாராரு, என்று கேட்டால் கைகாட்ட முடியாது. எல்லாம் ஒரே உயரத்தில் ஒரே மாதிரிப் போயின.

விமானப்படைப் பையன்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ரோந்து முடிந்து திரும்பும்போது, தன் பெண்டாட்டியோ கட்டிக்கொள்ளப் போகிறவளோ இருக்கிற வீட்டுக்கு மேலே தாழப் பறந்து, இறக்கையை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டுப் போவது. சலாம் போடுவது என்பார்கள். பிடிபட்டால் தண்டனை. ஆனால் போடாதவனை மெஸ்ஸில் ஒருத்தனும் மதிக்கமாட்டான். பெண்டாட்டி மாடியில் நின்று கலர்ச் சேலை ஒன்றை வீசிக் காட்ட வேண்டும், அதுதான் அடையாளம். தேவாசீர் ஒருநாள் வெட்கப்பட்டுக்கொண்டே, நாளைக்கு மாடியில் நில்லு, என்றார். நின்றாள். தெருப் பெண்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு நின்றாள். வந்தார். பனைமரத்துக்கு இரண்டு பனை மேலே, மரியாதையாக, கணக்காக வந்து, இறக்கையை லேசாக ஆட்டிவிட்டுப் போனார். பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அன்று இரவு சோறு போடும்போது சொன்னாள். "மத்தியானம் மேல போனது நீங்கதானா? நான் பருந்துன்னுல்லா நினைச்சேன்." அவர் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். அவளுடைய வாய் எப்போது விட்டது. "எங்க ஊர் பஸ் டிரைவர் துரைப்பாண்டி உங்களைவிடத் தைரியசாலி. வளைவுல ஸ்டியரிங்க விட்டுட்டு பீடி பத்தவைப்பாரு." அதற்கும் சிரித்தார். சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. கொஞ்சநேரம் கழித்து, "சரி கனகம், நாளைக்கு மூஞ்சி தெரியுற மாதிரி வாரேன்" என்றார். அந்தக் குரலில் பயம் இருந்தது. அது அவளுக்குக் கேட்டது. நாற்பது வருஷம் எத்தனையோ விதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டாள், கேட்கவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. கேட்டது, பிடித்திருந்தது.

மறுநாள் மூஞ்சி தெரிந்தது. தலைவாரியிருந்தது தெரிந்தது என்றுகூடச் சொல்வாள், அது சாத்தியமில்லை, தலையில் கவசம் இருந்திருக்கும், ஆனாலும் தெரிந்தது. சேலை கையிலிருந்து பறந்துவிட்டது, காது அடைத்தது, தெருப்பெண்கள் கூவினார்கள், அவளும் கூவினாள், சந்தோஷத்தில். வீட்டைத் தாண்டினால் பருத்திக்காடு. காட்டு வரப்பில் மூன்று பனை. முதல் பனையைத் தாண்டினார், இரண்டாவதைத் தாண்டினார். காட்டில் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள், புல்லுக்கட்டும் தலையுமாக ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள். மூன்றாவது பனை. இல்லை. அடுப்படியில் இருந்தேன். விசாரணைக்கு வந்த ஆபீசர்கள் கேட்டபோது அப்படித்தான் சொன்னாள், அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், சத்தம் மட்டும்தான் கேட்டது. அவரைக்காய் எதற்கு? பொய்க்கு அவரைக்காய் எதற்கு? யாரும் கேட்காத காய். ஆனால் அந்தக் காயைச் சொன்னதும் நம்பிவிட்டார்கள். அவர்களுக்கும் நம்பத்தான் வேண்டியிருந்தது. சலாம் போட்டுச் செத்தான் என்று எழுதினால் அந்தப் படைப்பிரிவுக்கே தலைகுனிவு. எஞ்சின் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஊர் என்பதை யாரோ பிறகு சேர்த்தார்கள், காப்பாற்றினார் என்பதை இன்னும் பிறகு. கூட இருந்த தெருப்பெண்கள் வாத்தியார் குடும்பம் என்று வாயை மூடிக்கொண்டார்கள். அவளும் வயிற்றில் இரண்டு மாசத்தோடு ஊரைவிட்டுப் போனவள்தான். அதற்குப் பிறகு யாரை மதித்தாள்? தைரியசாலி என்று ஒருத்தனை யாராவது சொன்னால் உதட்டைச் சுழிப்பாள், பயந்தாங்கொள்ளி என்று சொன்னாலும் சுழிப்பாள். ஸ்டாப் ரூமில் அவளுக்கு எலுமிச்சம்பழம் என்று பெயர். உலகத்தில் உள்ள எல்லோரையும் இளப்பமாகப் பார்த்துவிட்டால் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகத் தானும் மறைந்துகொள்ளலாம் என்று இருந்தாளோ என்னவோ.

தேநீர் கொண்டுவந்தார்கள். காகித டம்ளரில் பாதி, அதிலும் ஆடை. பாஸ்கரமூர்த்தி அவளிடம் குனிந்து, "மேடம், நீங்களும் ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். "எனக்குத் தொண்டை சரியில்ல, பையன் பேசுவான்" என்றாள். அவர் போனதும் கயிற்றைத் தாண்டி ஒரு ஆள் வந்துகொண்டிருந்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, விழாவுக்காகப் போட்டது, காலில் மட்டும் செருப்பு இல்லை. நாற்பத்தைந்து, நாற்பத்தாறு இருக்கும். அந்த வயதுக்காரன் அப்போது சிறுபிள்ளை, இவனுக்கு என்ன தெரியப் போகிறது என்று அவள் டம்ளரைப் பார்த்தாள்.

"கும்பிடுதேம்மா. நான் சுடலைமுத்து. பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டியப் பாத்துக்கிடுதேன்" என்றான். பிறகு கல்லின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அய்யா பிளேன் விழுந்த அன்னைக்குக் காட்டுல செத்தது எங்க ஆத்தாதான். மாடத்தி."

செல்வின் திடுக்கிட்டான். "காட்டுல ஒருத்தங்க செத்தாங்களா? அம்மா, நீங்க சொன்னதே இல்லையே." அவனுடைய கை சட்டைப்பைக்குப் போனது, காகிதத்தில் இப்படி ஒரு பெயர் இல்லை என்பது ஞாபகம் வந்தவனாக. கனகமணி வந்தவனையே பார்த்தாள். இதோ வந்துவிட்டது. காசு கேட்பான். இல்லை, கல்லில் பெயர் கேட்பான். கேட்கட்டும், பாஸ்கரமூர்த்தியிடம் தள்ளிவிடலாம், நம்மிடம் என்ன இருக்கிறது. இப்படி வந்து நிற்கிற ஆட்களை எத்தனை பார்த்திருக்கிறாள், டி.சி. கேட்டு, மார்க் கேட்டு. முகத்தில் தலைமையாசிரியையை வரவழைத்துக்கொண்டு, "என்ன வேணும்?" என்றாள்.

"ஒண்ணும் வேண்டாம்மா. ஒண்ணு கேக்கணும். அப்ப எங்க அக்கா பள்ளிக்கூடத்துல மூணாப்புப் படிச்சுது. வாத்தியார் வீட்டு மாடியில பிளேன்காரர் வீட்டம்மா சேலையை வீசிக்கிட்டு நின்னாங்கன்னு சொல்லும். பள்ளிக்கூடத்துல இருந்து காடு தெரியாது. மாடியில இருந்து தெரியும்." அவன் குரலில் சண்டை இல்லை. எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிப் பழகிய பேச்சுப்போல நிறுத்தி நிறுத்தி வந்தது. "ஊருல எங்க ஆத்தாவைப் பத்தி ஒரு பேச்சும்மா. மத்தவளுக எல்லாம் சுதாரிச்சுக்கிட்டாளுகளாம், எங்க ஆத்தா மட்டும் பிளேனைப் பாத்து வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாளாம். வாய்பொளந்தா மகன்னுதான் எனக்குப் பேரு. அக்காவுக்குக் கல்யாணம் பேசையில சபையில ஒருத்தன் சொல்லிச் சிரிச்சான். கூடக் களை எடுத்தவளுக எல்லாம் பயந்து குப்புற விழுந்துட்டாளுக, அவளுக எங்க பாத்தாளுக? பாக்காததுகதான் கதை சொல்லுதுக. மாடியில கூட நின்னவளுக எதையும் பாக்கலன்னு சாதிச்சிட்டாளுக. இனிமே கேக்கணும்னா நீங்க ஒருத்தர்தான். எங்க ஆத்தா நின்னாளாம்மா?"

நான் அடுப்படியில் இருந்தேன் தம்பி, சத்தம்தான் கேட்டது. அந்த வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது, நாற்பது வருஷம் தேய்ந்து வழவழப்பானது, தள்ளினால் போதும். இவன் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவான். இந்தச் சனத்துக்கு அதிகாரம் என்றால் ஒரு பயம், மறுவார்த்தை பேசாது. செல்வின் தன் காகிதத்தைப் படிப்பான், கை தட்டுவார்கள், காரில் ஏறித் திருநெல்வேலிக்குப் போய்ச் சேரலாம். மாடத்தி வாயைப் பிளந்துகொண்டே நிற்பாள், இன்னொரு நாற்பது வருஷத்துக்கு, இவனுடைய பிள்ளைகளின் பெயரிலும். கனகமணிக்கு முதலில் கோபம் வந்தது. ஊரே ஒரு செத்த மனுஷியைச் சிரித்திருக்கிறது. எத்தனை கேவலமான சனம். அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு தெரிந்தது. முதல் சிரிப்பு சோறு போட்ட இடத்தில் ஆரம்பித்தது. டம்ளரை நாற்காலிக்குக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் ஊன்றி, முழங்கால் சொடக்கிட, எழுந்து நின்றாள்.

"நிக்கல" என்றாள். "ஓடினா. புல்லுக்கட்டைக் கீழ போட்டுட்டு, சேலைய முழங்காலுக்கு மேல தூக்கிச் செருகிட்டு ஓடினா. வரப்பைத் தாண்டிட்டா. நல்லா ஓடினா. பிளேன் அதைவிட வேகமா வந்துச்சு."

"அம்மா" என்றான் செல்வின். "நீங்க வீட்டுக்குள்ள இருந்ததாத்தான எப்பவும் சொல்லுவீங்க?"

"மாடியில நின்னேன். எஞ்சின் நல்லாத்தான் ஓடிச்சு. உங்கப்பா பயந்த மனுஷன், உசரத்துலதான் போவாரு. நான் கேலி பண்ணினேன், அதனாலதான் தாழ வந்தாரு. மரத்துல இடிச்சாரு." மகனைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், சுடலைமுத்துவைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. "உங்க அம்மாவைக் கொன்னது நான்தான் தம்பி."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்ட வேண்டும் என்றுகூட எதிர்பார்த்தாள். அவள் கடைசியாகச் சொன்னது அவன் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. முகம் கோணி, உதட்டைக் கடித்துக்கொண்டு, "வரப்பைத் தாண்டிட்டாளா?" என்றான். தாண்டிவிட்டாள் என்று தலையசைத்தாள். மைக்கில் செல்வினின் பெயரை அழைத்தார்கள். செல்வின் அம்மாவைப் பார்த்தபடி நின்றான், நகரவில்லை. இரண்டாம் தடவையும் அழைத்தார்கள். சுடலைமுத்து நாலு எட்டுத் தள்ளிப் போய், சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினான். மைக்கின் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று சத்தமாகப் பேசினான், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, நான்தான். ஆத்தா ஓடியிருக்காக்கா. ஆமா, பாத்தவங்களே சொல்லுதாங்க. ஓடியிருக்கா."